விலைபோன குரல்

சிகாகோ என்றதும் நம் தோழர்களின் நெஞ்சில் எழுவது மே நாள். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று ஆலைகளை விட்டு வெளியே வந்த தொழிலாளர் கூட்டம். மே 4-ஆம் நாள் இரவு ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடித்த குண்டு. அதை வீசியவன் யார் என்பதை மெய்ப்பிக்காமலேயே நடத்தி முடிக்கப்பட்ட வழக்கு. 1887 நவம்பர் 11 அன்று தூக்குமரம் ஏறிய நால்வர். 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் முதல் மே நாள் விழா எடுத்த காலத்திலிருந்து இந்த வரலாறு நம்முடைய மேடைகளிலே பேசப்பட்டு வருகிறது. பேசப்படவேண்டியதே.

அந்த நால்வரைப் பற்றி நாம் அதிகம் பேசாத செய்தி ஒன்று உண்டு. ஆகஸ்டு ஸ்பீசு, ஜெர்மன் மொழித் தொழிலாளர் நாளேட்டின் ஆசிரியர். ஆல்பர்ட் பார்சன்சு, தொழிலாளர் ஏடொன்றின் ஆசிரியர். அடால்ப் பிஷர், அச்சுக் கோப்பவர். நால்வரில் மூவர் அச்சகத்து மனிதர்கள்! உழைப்பவனுடைய கையை முதலாளித்துவம் விலைக்கு வாங்கும். அவனுடைய வாயைக் கண்டுதான் அது அஞ்சும். அந்த அச்சம் 1887-இல் தூக்குக் கயிறாக வடிவெடுத்தது.

அதே சிகாகோவில், அந்தத் தூக்குமரம் நின்ற நாளிலிருந்து நாற்பதாண்டுகள் கழியுமுன், தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு வானொலி நிலையத்தை எழுப்பினார்கள். ஐம்பத்திரண்டு ஆண்டுக்காலம் அது அவர்களுடைய உடைமையாக இருந்தது. பிறகு அது விற்கப்பட்டது. பறிமுதல் செய்தவர் எவருமில்லை; பட்டாளத்தை ஏவியவர் எவருமில்லை. உடையவர்களே விலை பேசி, கையொப்பமிட்டு, விற்றார்கள். அந்த வரலாற்றைத்தான் இந்த ஞாயிறன்று நம் தோழர்களின் முன்னே வைக்க விரும்புகிறேன். தூக்குமரத்துக் கதை நம்மைக் கொதிக்கச் செய்யும். விற்பனைக் கதையோ நம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டும்.

வானத்தைப் பங்கிட்டவர்கள்

1920-களின் சிகாகோவில் வானத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்கள் யார் யார் என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. நிலையங்களின் பெயர்களே சொல்லும். அமெரிக்காவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் சில எழுத்துகளே பெயர். ‘டபிள்யூ.எல்.எஸ்.’ என்ற நிலையத்தை 1924-இல் தொடங்கியவர்கள் சியர்ஸ் ரோபக் என்ற மாபெரும் வணிக நிறுவனத்தார். அந்த எழுத்துகளுக்கு அவர்கள் கொடுத்த விரிவு ‘உலகின் மிகப் பெரிய கடை’ என்பது. ‘டபிள்யூ.ஜி.என்.’ நிலையம் சிகாகோ டிரிபியூன் நாளேட்டுக்காரர்களுடையது. அதன் விரிவு ‘உலகின் தலைசிறந்த செய்தித்தாள்’. தன்னடக்கத்துக்கு அங்கே இடமில்லை! ‘டபிள்யூ.எம்.ஏ.க்யூ.’ நிலையம் சிகாகோ டெய்லி நியூஸ் என்ற மற்றொரு நாளேட்டின் பிடியில் இருந்தது. 1931-இல் அதை என்.பி.சி. என்ற ஒலிபரப்புப் பேரரசு விழுங்கியது.

கடைக்காரருக்கு ஒரு நிலையம். ஏட்டு முதலாளிகளுக்கு நிலையங்கள். இறைச்சித் தொழிற்சாலையில் இரத்தச் சேற்றில் நிற்பவனுக்கு? எஃகு உலையின் முன்னே வேகின்றவனுக்கு? போலந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வயிறு பிழைக்க வந்து, ஆங்கிலம் அரைகுறையாகப் பேசி, ஆலைக்கும் குடிசைக்குமிடையே தேய்கின்றவனுக்கு?

அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் சிகாகோ தொழிலாளர் சம்மேளனத்தார். அதன் தலைவர் ஜான் பிட்ஸ்பாட்ரிக், அயர்லாந்தில் பிறந்தவர். குதிரைக்கு லாடம் அடிக்கும் தொழில் செய்து வளர்ந்தவர். 1919-ஆம் ஆண்டின் மாபெரும் எஃகுத் தொழிலாளர் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். செயலாளர் எட்வர்ட் நாக்கெல்ஸ், வானொலி என்ற புதுக் கருவியின் வலிமையை முதலில் கண்டுகொண்டவர். எஃகுப் போராட்டத்தின்போது முதலாளி ஏடுகள் தொழிலாளியை அன்னியன் என்றன, சதிகாரன் என்றன, நாட்டின் பகைவன் என்றன. மறுத்துரைக்க இவர்களுக்கு ஒரு சிறு வார ஏடு தவிர வேறெதுவும் இல்லை. தோற்றுத் திரும்பிய அந்தப் போராட்டத்திலிருந்து அவர்கள் பெற்ற பாடம், குரல் இல்லாதவனுடைய நியாயம் ஊருக்குத் தெரியாது என்பது.

1926-இல் அவர்கள் அலைவரிசை கேட்டார்கள். அன்றைக்கு ஒலிபரப்பு உரிமம் வழங்கும் பொறுப்பு வணிக அமைச்சரிடம் இருந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவரே அந்த அமைச்சர். வானத்தில் இடமில்லை என்று விடை வந்தது. கடைக்கு இடம் இருந்தது. ஏட்டுக்கு இடம் இருந்தது. தொழிலாளி வந்து கதவைத் தட்டியதும் வானம் நிரம்பிவிட்டது! சம்மேளனத்தார் திரும்பிப் போகவில்லை. உரிமத்தை மறுக்கவோ அலைவரிசையை வரையறுக்கவோ அமைச்சருக்கு அதிகாரமே இல்லையென்று அவ்வாண்டு ஜெனித் நிறுவன வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்த இடைவெளியில் புகுந்து, அவ்வாண்டுக் கோடையில், மிச்சிகன் ஏரிக்குள் நீண்டு நிற்கும் நகரத் துறைமேடையிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். நிலையத்தின் பெயர் ‘டபிள்யூ.சி.எப்.எல்.’ முதல் எழுத்தை விட்டுப் படியுங்கள்: சிகாகோ பெடரேஷன் ஆப் லேபர். தொழிலாளர் சங்கங்கள் தந்த பணத்தில் எழுந்த கோபுரம் அது. ‘தொழிலாளரின் குரல்’ என்று அதை அழைத்தார்கள்.

சங்கச் செய்தியும் சொற்பொழிவும் மட்டுமே அங்கு ஒலித்தன என்று எண்ணவேண்டாம். இசை இருந்தது, விளையாட்டு வருணனை இருந்தது, குடியேறிய மக்களின் சொந்த மொழிகளிலே நிகழ்ச்சிகள் இருந்தன. பகலெல்லாம் உழைத்தவனுக்குப் பாட்டும் வேண்டும் என்பதை அந்தத் தலைவர்கள் அறிந்திருந்தார்கள். பாட்டுக்கு நடுவே அவனுடைய சங்கத்தின் செய்தி வந்தது. அதுதான் வேறுபாடு.

‘பிரசாரம்’ என்ற முத்திரை

ஒரு குரலை அடக்க இரண்டு வழிகள் உண்டு. தடை விதிப்பது ஒன்று. விதி வகுப்பது மற்றொன்று. முதல் வழியில் கூச்சல் எழும்; இரண்டாவது வழியில் கோப்பு நகரும், அவ்வளவே. அமெரிக்க அரசு இரண்டாவது வழியைத் தேர்ந்தது. 1927-இல் வானொலிச் சட்டம் வந்தது. கூட்டாட்சி வானொலி ஆணையம் அமைந்தது. 1928 நவம்பரில் அந்த ஆணையம் நாடு முழுவதற்கும் அலைவரிசைகளைப் புதிதாகப் பங்கிட்டது. தொலைதூரம் தெளிவாகக் கேட்கக்கூடிய நல்ல வரிசைகளைப் பெரிதும் பெற்றவர்கள் பெரு நிறுவனங்களும் அவற்றின் கூட்டாளிகளும். தொழிலாளர் நிலையத்துக்குக் கிடைத்தது ஆற்றல் குறைந்த ஒலிபரப்பும், நேரம் சுருக்கப்பட்ட உரிமமும்.

அதற்கு ஆணையம் கூறிய காரணம்தான் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது. கேட்போர் எல்லோருக்கும் பொதுவாக நிகழ்ச்சி தருபவையே பொதுநலத்துக்கு உகந்த நிலையங்கள். ஒரு கொள்கையையோ ஒரு பிரிவினரையோ சார்ந்தவை பிரசார நிலையங்கள். ஒவ்வொரு சமயத்துக்கும் அரசியலுக்கும் பொருளாதாரக் கொள்கைக்கும் தனித்தனி நிலையம் தர வானத்தில் இடம் போதாது. இதுவே 1929-இல் ஆணையம் வெளியிட்ட கருத்தின் சாரம்.

கேட்பதற்கு நடுநிலையாகத்தான் தோன்றும். சற்று உரசிப் பாருங்கள். சோப்பு விற்பவன் நாள் முழுதும் தன் சோப்பைப் புகழ்ந்தால் அது பொதுநலம்! அந்தச் சோப்பைச் செய்தவன் தன் கூலியைப் பற்றிப் பேசினால் அது பிரசாரம்! ‘உலகின் மிகப் பெரிய கடை’ என்று ஒவ்வொரு மணி நேரமும் தன் பெயரையே விளம்பரமாகக் கூவும் நிலையம் பொதுவானது! நகரத்தின் இலட்சக்கணக்கான உழைப்பாளர் சங்கங்களில் திரண்டு பொருள் கொடுத்து நடத்தும் நிலையம் குறுகிய பிரிவினருடையது! சிறுபான்மையினரான முதலாளிகளை ‘எல்லோரும்’ என்றும், பெரும்பான்மையினரான உழைப்பாளரை ‘ஒரு பிரிவினர்’ என்றும் பெயர் மாற்றிவிடும் வித்தை இது. அந்த வித்தை இன்றும் பலித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பின்னே காண்போம்.

நாக்கெல்ஸ் சளைக்கவில்லை. தொழிலாளருக்கென ஓர் அலைவரிசையை ஒதுக்கும் சட்டத் திருத்தத்துக்காக வாஷிங்டனில் ஆண்டுக்கணக்கில் போராடினார். போராட்டம் வலுக்கும் என்று கண்டதும் 1932-இல் என்.பி.சி. நிறுவனத்தார் சமரசத்துக்கு வந்தார்கள். தொழிலாளர் நிலையம் முழு நேரமும், 5,000 வாட் ஆற்றலோடும் இயங்க வழிவிட்டார்கள். பதிலுக்கு, தனி அலைவரிசை கேட்கும் சட்டப் போராட்டம் கைவிடப்பட்டது. ஒரு நிலையம் பிழைத்தது. ஒரு கோரிக்கை உறங்கிற்று.

1934-இல் மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. செனட்டர்கள் வாக்னர், ஹாட்பீல்டு இருவரும், வானொலி வசதிகளில் நான்கில் ஒரு பங்கை இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு ஒதுக்கவேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தனர். சமய அமைப்பொன்றின் நிலையமும் தொழிலாளரும் கைகோத்து அதற்காக உழைத்தார்கள். ஆனால் பணத்துக்கு என்ன வழி? அந்த நிலையங்கள் தம் செலவை ஈடுகட்டும் அளவுக்கு விளம்பர நேரத்தை விற்கலாம் என்று திருத்தம் இடம் கொடுத்தது. எதிரிகள் அந்த இடத்தையே பற்றிக்கொண்டார்கள்: நீங்களும் விளம்பரம் விற்பதானால் உங்களுக்கும் வணிகனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதம் செனட் சபையில் 42-க்கு 23 என்ற வாக்குகளில் திருத்தம் வீழ்ந்தது.

எதிரி கேட்ட கேள்விதான். ஆயினும் கேள்வி பொய்யன்று. அதற்கு வாயால் விடை சொல்ல முடியாது; வாழ்ந்து காட்டித்தான் விடை சொல்லவேண்டும். சிகாகோ நிலையம் காட்டிய விடை யாது?

பாட்டு வென்றது, பாட்டாளி மறைந்தான்

நாக்கெல்ஸ் 1937-இல் மறைந்தார். பிட்ஸ்பாட்ரிக் 1946-இல் மறைந்தார். கோபுரம் உயர்ந்தது, ஆற்றல் 50,000 வாட் ஆயிற்று. விளம்பரம் பெருகிற்று. தொழிலாளர் செய்தி சுருங்கிற்று. எந்த நாளில் சுருங்கிற்று என்று எவராலும் சுட்டிச் சொல்ல முடியாது. நாள் குறித்து வருகின்ற கேட்டை எதிர்க்க ஊர்வலம் போகலாம். நாளுக்கு ஒரு நிமிடமாகத் தேய்கின்ற தேய்வை எதிர்த்து யார் ஊர்வலம் போவார்?

இதற்கிடையே எதிர்த் தெருவில் நடந்ததையும் காண்போம். ‘உலகின் மிகப் பெரிய கடை’க்காரர்கள் தம் நிலையத்தை 1928-இலேயே உழவர் ஏடொன்றின் உடைமையாளருக்கு விற்றுவிட்டார்கள். அதன் பிறகு அது உழவருடைய நிலையமாயிற்று. தானிய விலை, வானிலை, நாட்டுப்புறப் பாடல் என்று முப்பதாண்டுக்கும் மேலாகச் சோளக் கொல்லை நடுவே வாழ்ந்தவனுக்கு அது துணையாக இருந்தது. 1960-இல் ஏ.பி.சி. நிறுவனம் அதை முழுதாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு மே 2-ஆம் நாள் உழவர் நிகழ்ச்சிகள் போயின. அந்த வாரம் அதிகமாக விற்பனையாகும் நாற்பது இசைத் தட்டுகளைச் சுழற்றிச் சுழற்றிப் போடும் முறை வந்தது. உடைமை மாறிற்று, உள்ளடக்கம் மாறிற்று, உழவன் வெளியேறினான். இளைஞர் கூட்டம் மொய்த்தது; விளம்பரம் குவிந்தது.

அதைக் கண்ட தொழிலாளர் நிலையமும் 1965-இல் அதே முறைக்கு மாறியது. ஒன்றுக்கொன்று போட்டியிட்டு, ஒரே இசைத் தட்டுகளை, ஒரே வகைக் கூவலோடு இரண்டு நிலையங்களும் ஒலிபரப்பின. எந்த நிலையத்தில் இருக்கிறோம் என்பதை முள்ளைப் பார்த்துத்தான் அறியவேண்டும்! நகரமே பரபரத்த அந்தப் போட்டியில், இரண்டு நிலையங்களின் உண்மையான உரிமையாளர்களாக இருந்திருக்கவேண்டிய உழவனும் தொழிலாளியும் காணாமற் போனதை யார் கவனித்தார்கள்?

அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறவேண்டாம். அன்றைய சம்மேளனத் தலைவர்கள் தம் கட்சியைச் சொல்ல நியாயம் வைத்திருந்தார்கள். தொழிலாளியின் பிள்ளைகளும் அந்தப் பாட்டைத்தானே கேட்கிறார்கள்? பாட்டில் வரும் பணம் சங்கத்துக்குத்தானே பயன்படுகிறது? கேட்பாரற்றுக் கிடக்கும் கொள்கை முழக்கத்தால் யாருக்கு நன்மை? இவை அற்பமான கேள்விகள் அல்ல. நம்முடைய ஏடுகளின் அலுவலகங்களிலும் நள்ளிரவில் கேட்கப்படுகின்ற கேள்விகள்தாம். பாட்டைப் போட்டது அவர்களுடைய குற்றமன்று. பாட்டைத் தவிர வேறு காரணம் அந்த நிலையத்துக்கு இல்லாமற் போகும்படி விட்டதே குற்றம்.

ஏனெனில், பணம் தருவதால்தான் வைத்திருக்கிறோம் என்ற நிலைக்கு ஓர் உடைமை வந்துவிட்டால், பணம் தராத நாளில் அதை வைத்திருக்கக் காரணமில்லாமற் போய்விடும். அந்த நாளும் வந்தது. 1970-களில் இசை கேட்போர் பண்பலைக்கு நகர்ந்தனர். போட்டியில் ஏ.பி.சி. நிறுவனத்தின் கை ஓங்கியது. 1976 மார்ச்சு 15 அன்று தொழிலாளர் நிலையம் தன் இளைஞர் இசையைக் கைவிட்டு, கடைகளிலும் அலுவலகங்களிலும் பின்னணியில் ஒலிக்கும் மெல்லிசைக்கு மாறிற்று. லாரி லுஜாக் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, தமக்குச் சற்றும் பொருந்தாத அந்த மெல்லிசைக்கு நடுவே சில காலம் அமர்ந்திருந்தார். பிறகு எதிர் நிலையத்துக்கே திரும்பிப் போனார். அவருக்காவது போக ஓரிடம் இருந்தது.

1978-இல் நிலையம் விற்கப்பட்டது. விலை 1 கோடியே 20 இலட்சம் டாலர். வாங்கியது மியூச்சுவல் என்ற ஒலிபரப்பு நிறுவனம்; அந்த நிறுவனத்துக்கு அப்போது உடைமையாளர், வீடு வீடாகச் சரக்கு விற்கும் ஆம்வே. கடைக்காரரின் குரலுக்கு மாற்றாக எழுந்த கோபுரம் கடைசியில் கடைக்காரரிடமே போய்ச் சேர்ந்தது! 1980-களில் அதே அலைவரிசையில் சமயச் சொற்பொழிவு கேட்டது. பிறகு கைமாறியது; பெயர் மாறியது. 1998 முதல் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுப் பேச்சு கேட்கத் தொடங்கியது. சம்மேளனத்தின் பெயரைச் சுமந்த எழுத்துகளும் அந்த அலைவரிசையிலிருந்து அகன்றன.

விற்பனை நடந்த அந்த ஆண்டுகளைத் தொடர்ந்து அந்த நகரத்துத் தொழிலாளிக்கு நேர்ந்ததென்ன? சிகாகோவின் தென்புறத்து எஃகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1980-இல் விஸ்கான்சின் ஸ்டீல் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர். தம்முடைய நியாயத்தை நகரத்துக்கு எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு குரல் மிகவும் தேவைப்பட்ட அந்த நேரத்தில், அந்தக் குரல் இரண்டாண்டுகளுக்கு முன்பே விற்பனையாகியிருந்தது. 1 கோடியே 20 இலட்சம் டாலர் என்ற விலை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. இந்த விலை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மற்றொரு நிலையம்

அதே நகரத்தில் மற்றொரு நிலையம். 1963-இல் செஸ் சகோதரர்கள் என்ற இசைத்தட்டு உற்பத்தியாளர்கள் ஒரு சிறு நிலையத்தை வாங்கினார்கள். கறுப்பின மக்களுக்கென்று நடத்தத் தொடங்கி, ‘டபிள்யூ.வி.ஓ.என்.’ என்று பெயரிட்டார்கள். ‘நீக்ரோவின் குரல்’ என்பது அதன் விரிவு. அன்றைக்கு வழங்கிய சொல் அது. 50,000 வாட் பேரரசர்களுக்கு முன்னே அது ஒரு குஞ்சு. அதுவும் பாட்டுத்தான் போட்டது. ஆனால் பாட்டுக்கு நடுவே பேச்சு இருந்தது. விடுதலைப் போராட்டம் இருந்தது. உடைமை பிறகு கறுப்பின மக்களிடமே வந்தது. இசையை விட்டுப் பேச்சு முறைக்கு அந்த நிலையமும் மாறியது. அந்த மாற்றம் மக்களை நோக்கி நடந்த மாற்றம். 1983-இல் ஹெரால்டு வாஷிங்டன் சிகாகோவின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, தெருத் தெருவாக வாக்காளர்களைத் திரட்டிய இயக்கத்துக்கு அந்தச் சிறு நிலையம் பெருந்துணையாக நின்றது.

ஆற்றல் வாட் கணக்கில் மட்டும் இல்லை என்பது இதனால் விளங்கும். நிகழ்ச்சி முறையை மாற்றுவதும் தன்னளவில் பாவமன்று என்பதும் விளங்கும். யாருக்காக மாற்றுகிறோம் என்பதே கேள்வி.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடெங்கும் இத்தனை நிலையங்களைத்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. பெருநகரம் ஒன்றிலேயே எட்டு நிலையங்கள் வரை ஒருவர் கையில் இருக்கலாம் என்றது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. நிலையம் ஆயிரம், நினைப்பு ஒன்று. கடன் வாங்கி வாங்கி நிலையங்களைச் சேர்த்த அந்தப் பேரரசு, பெயரை மாற்றிக்கொண்டு, 2018-இல் கடன்சுமை தாளாமல் நீதிமன்றத்தில் தஞ்சம் புகுந்தது. தொழிலாளியால் நிலையம் நடத்த முடியாது, முதலாளியால்தான் முடியும் என்றவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

நம் வானம் யாருடையது?

இனி நம் வாசலுக்கு வருவோம். சென்னை நகரின் ஒலிபரப்பு, குடிமக்களின் ஒரு சங்கத்திலிருந்து பிறந்தது. 1924-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் அதைத் தொடங்கியது. பணமின்றி அது 1927-இல் ஓய்ந்தது. சங்கத்தின் கருவியைப் பெற்றுச் சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது. 1938-இல் அது அகில இந்திய வானொலியின் கைக்குப் போயிற்று. சங்கம், நகராட்சி, பேரரசு என்று படிப்படியாக மக்களை விட்டு விலகி, தில்லியை நோக்கி நகர்ந்த உடைமை அது.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அலைவரிசைகள் பொதுமக்களின் உடைமை, அவை அரசின் ஏகபோகமாகவும் இருக்கக்கூடாது, தனியாரின் ஏகபோகமாகவும் இருக்கக்கூடாது. பொன்னான தீர்ப்பு. அதை நடைமுறைப்படுத்தியவர்கள் செய்ததென்ன? 2000-இல் பண்பலை உரிமங்களை ஏலத்துக்கு விட்டார்கள். பொதுமக்களின் உடைமையை, ஏலத்தில் மிகுதியாகக் கேட்டவருக்கு! ஏலம் எடுத்தவர்களுக்கு விதித்த முதல் நிபந்தனை, சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது என்பது. பின்னாளில், வானொலி அரசின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இரங்கினார்கள். 2023-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே, மணிக்குப் பத்து நிமிடமாவது தனியார் நிலையங்களைச் செய்தி சொல்ல விடலாம் என்று பரிந்துரைக்கவேண்டிய நிலை.

சென்னையில் முள்ளை எங்கே திருப்பினாலும் ஏன் ஒரே திரைப்பாட்டு, ஒரே சிரிப்பு, ஒரே அரட்டை என்று நம் தோழர்கள் சலித்துக்கொள்வதுண்டு. இளைஞர்களின் சுவை கெட்டுவிட்டது என்று பழி கூறுவோரும் உண்டு. இளைஞர்மேல் பழி வேண்டாம். நுழைவதற்குக் கோடிகளைக் கட்டு. உன் ஊரில் நடந்ததைப் பற்றிச் செய்தி சொல்லாதே. பிறகு விளம்பரத்தால் பிழைத்துக்கொள் என்றால், பாட்டையும் அரட்டையும் விட்டால் வேறு எது மிஞ்சும்? சுவையைக் கெடுத்தது விதி.

சமுதாய வானொலி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் அந்தப் பாதையைத் திறந்தது, நல்ல பணி. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த வாய்ப்பு விரிந்தது. பொதுவாக 100 வாட் ஆற்றல். சில கல் தொலைவு கேட்கும். அதை யார் பெறலாகாது என்று 2006-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்டன. அரசியல் கட்சிகள் பெறலாகாது. அவற்றோடு இணைந்த மாணவர் அமைப்புகள், மகளிர் அமைப்புகள், தொழிற்சங்கங்கள் பெறலாகாது! கட்சி சார்ந்த தொழிற்சங்கம் என்பதுதானே இந்த நாட்டில் பெரும்பாலான தொழிற்சங்கம்? 1929-இல் அமெரிக்க ஆணையம் குத்திய ‘பிரசாரம்’ என்ற முத்திரை, கடல் கடந்து வந்து, மை உலராமல், நம் தொழிலாளியின் நெற்றியிலும் விழுந்திருக்கிறது.

கட்சிகளுக்கும் சங்கங்களுக்கும் நிலையம் தந்தால் வானமெல்லாம் சண்டையாகிவிடாதா என்று நடுநிலையாளர் கேட்கலாம். ஏடு நடத்தக் கட்சிகளுக்கு உரிமை இருக்கிறது. அதனால் நாடு கெட்டுவிட்டதா? நம்மை எதிர்ப்போரும் நிலையம் பெறுவார்களே என்று நம் தோழர்களே கேட்கலாம். பெறட்டும். அவர்களுடைய ஏட்டுக்கு நம் ஏடு விடை சொல்லவில்லையா? விடை சொல்லத் தெரிந்தவன் எதிரியின் குரலுக்கு அஞ்சமாட்டான். அலைவரிசைக்கு வரம்பு உண்டு என்பது மெய்; ஆகவே ஒழுங்கு வேண்டும் என்பதும் மெய். பணமூட்டை கனத்தால் கதவு திறக்கும், சங்கக் கொடி தெரிந்தால் கதவு மூடும் என்பது எந்த ஒழுங்கைச் சேர்ந்தது?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. சமுதாய வானொலி விதிகளில் தொழிற்சங்கத்துக்கும் உழவர் சங்கத்துக்கும் எதிராக எழுதப்பட்ட விலக்கு நீங்கவேண்டும். தனியார் நிலையங்களும் சமுதாய நிலையங்களும் தம் ஊர்ச் செய்தியைத் தம் வாயால் சொல்லும் உரிமை பெறவேண்டும். ஒரே கையில் நிலையங்களும் ஏடுகளும் குவிவதற்கு வரம்பு வேண்டும். இவற்றை நம் மாநாடுகளில் தீர்மானமாக நிறைவேற்றவேண்டும். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுப்பவேண்டும். தொழிற்சங்கக் கிளைகள் தோறும் பேசவேண்டும்.

தோழர்களே, அத்துடன் கடமை முடிந்துவிடவில்லை. சிகாகோத் தொழிலாளர் நிலையத்தைப் பகைவர்கள் ஐம்பதாண்டு முயன்றும் பறிக்க முடியவில்லை. சந்தாக் கொடுத்து அதை வளர்த்த கைகள் சந்தாவை மறந்தன, விளம்பரக்காரன் அந்த இடத்தை நிரப்பினான், நிரப்பியவன் நடத்தினான். நம் கைகளில் இன்று இருப்பவை ஏடு, படிப்பகம், மேடை, கிளைக் கழகத்து அறிவிப்புப் பலகை. கைப்பேசியில் எவரும் எதையும் பேசலாம் என்ற காலத்தில் இவை எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே பெருகிவருகிறார்கள். அந்தக் கைப்பேசிக் கோபுரத்துக்கும் அதில் ஓடும் மேடைகளுக்கும் உடையவன் யார் என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள். வாடகை வீட்டில் விளக்கேற்றலாம். தூணில் ஆணி அடிக்க வீட்டுக்காரனைத்தான் கேட்கவேண்டும்.

உங்கள் கிளையில் இந்த ஏட்டுக்குச் சந்தா எத்தனை என்று இன்று மாலையே எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு எத்தனை இருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால், யார் யார் நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று அவர்கள் வீட்டுக்கே போய்க் கேளுங்கள். நம் எழுத்தில் குறை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள், திருத்திக்கொள்வோம். சிகாகோவில் அந்த எண்ணிக்கையை எடுக்க 1978-இல் ஆளில்லை.